யாருக்குப் பக்கத்தில் வேண்டாம்?

முன்னாள் மாணவர் பிரிவில் பதினோரு வருஷம் கண்காணிப்பாளராக இருந்த ஜஹீரா அந்தக் கல்லூரியில் படித்தவர் இல்லை. எந்தக் கல்லூரி வாசலையும் மாணவியாக மிதித்தவர் இல்லை, அவருடைய பி.காம். பட்டம் தபாலில் வந்தது. ஆனால் அறுபத்திரண்டாம் வருஷத்திலிருந்து அங்கே படித்துவிட்டுப் போன ஒவ்வொருவரும் எந்த ஊரில், எந்த உத்தியோகத்தில், யார்மீது என்ன மனத்தாங்கலோடு இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். படித்தவர்களுக்குக் கல்லூரியை நினைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. அதனால் படிக்காத ஒருவரைச் சம்பளம் கொடுத்து நினைக்கச் சொல்லியிருந்தார்கள்.

கல்லூரி தாம்பரம் மேற்கில். பிரிவின் அலுவலகம் வேதியியல் கட்டிடத்தின் மாடிப்படிக்குக் கீழே. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் முதலாண்டு செய்முறை வகுப்பு நடக்கிறது என்று அர்த்தம். ஜஹீராவுக்கு அந்த அறைமேல் தீராத காதல். காரணம் அறை இல்லை, வழி. அஸ்தினாபுரம் வீட்டிலிருந்து பஸ்ஸில் குரோம்பேட்டை, அங்கிருந்து ரயிலில் இரண்டே ஸ்டேஷன். பிள்ளைகளை அனுப்பி, துணி உலர்த்தி, ஒன்பதேகாலுக்குக் கிளம்பினால் பத்துக்கு நாற்காலியில் இருக்கலாம். இதற்குமேல் ஒரு பதவி உலகத்தில் இல்லை என்பது அவர் கட்சி.

அந்த இரண்டு ஸ்டேஷனுக்குத்தான் 2006 ஜனவரியில் ஆபத்து வந்தது.

அந்த வருஷக் கூட்டத்துக்கு வருகிறோம் என்று எழுதியவர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். வந்தவர்கள் நூற்று நாற்பது பேர். மீதி நானூற்று எழுபத்திரண்டு நாற்காலிகள் வெள்ளை உறை போர்த்திக்கொண்டு கடைசிவரை மரியாதையாக உட்கார்ந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை கிண்டிய கேசரியை ஹாஸ்டல் பிள்ளைகள் செவ்வாய்வரை தின்றார்கள். புதன்கிழமை மறுத்துவிட்டார்கள்.

சிறப்பு விருந்தினர் ஸ்ரீரங்கன், எழுபத்து நாலாம் வருஷத்து இயற்பியல் மாணவர். அம்பத்தூரில் வால்வு தயாரிக்கும் தொழிற்சாலை வைத்திருந்தார். கல்லூரிக்குப் புதிய ஆய்வுக்கூடம் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். நாற்காலிகளிடம் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு மேடையிலிருந்து இறங்கியவர், முதல்வர் அசரியாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், என் பேட்ச்ல ஒருத்தன்கூட வரலை. எத்தனை பேர் வருவாங்கனே எண்ணத் தெரியாத காலேஜுக்கு லேப் எதுக்கு? அங்கே வேற மில்லிமீட்டர் எல்லாம் அளக்கணுமே. அடுத்த வருஷம் அவங்க வரட்டும், அப்புறம் பேசலாம்."

மறுநாள் அசரியா ஜஹீராவை அழைத்தார். முதல்வர் மென்மையானவர், கெட்ட செய்தியைப் பரிசு மாதிரி காகிதம் சுற்றித்தான் கொடுப்பார்.

"மேடம், இன்னொரு வருஷம் ட்ரை பண்ணுங்க. அதுவும் இப்படியே ஆச்சுன்னா உங்க பிரிவை ஜெனரல் ஆபீஸோட மெர்ஜ் பண்ணிடலாம்னு மேனேஜ்மென்ட்ல சொல்றாங்க. நீங்க ஒண்ணும் கவலைப்பட வேண்டாம். மதுராந்தகத்துல நம்ம புது கேம்பஸ்ல எக்ஸாம் செக்ஷன் சீட் ஒண்ணு காலியா இருக்கு. நல்ல காத்து. ஏரி வேற இருக்கு."

ஜஹீராவுக்கு ஏரி பிடிக்கும். அதைத் தினமும் பார்க்க, போக இரண்டு மணி நேரமும் வர இரண்டேகால் மணி நேரமும் பஸ்ஸில் தொங்குவதுதான் பிடிக்காது.

குற்றவாளி யார் என்று தேடியபோது முதலில் அகப்பட்டது பதிவுப் படிவம். நான்கு பக்கம், முப்பத்து நான்கு கேள்விகள். முதல் மூன்று சரி. எட்டாவது, தந்தையின் தொழில். பதினான்காவது, உள்ளூர்க் காப்பாளர் பெயரும் முகவரியும். இருபத்தொன்றாவது, எதிர்கால லட்சியம். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், வயது அறுபத்தைந்து, காப்பாளர் என்ற இடத்தில் தன் மனைவி பெயரை எழுதி, லட்சியம் என்ற இடத்தில் 'மேற்படியாரிடம் நல்ல பெயர் வாங்குவது' என்று எழுதியிருந்தார். நன்கொடையாளர்களுக்குத் தனியாக ஐந்தாவது பக்கம் ஒன்று இருந்தது. பணம் வாங்க வருகிறவர்களிடம்கூட எந்த அலுவலகமும் அவ்வளவு விசாரித்ததில்லை.

இந்தப் படிவத்தின் பிறப்பைத் தெரிந்தவர் கடைநிலை ஊழியர் குப்புராஜ் மட்டும்தான். மாடம்பாக்கத்துக்காரர். கல்லூரியில் முப்பது வருஷ சர்வீஸ்.

"அது இன்னா மேடம் பெரிய விஷயம்? எய்பத்தி ஏயில மொத மொத மீட்டிங் போட்டப்போ ஃபாரம் இல்ல. அட்மிசன் ஃபாரம் கட்டு கட்டா மிச்சம் கெடந்துச்சு. தலப்ப மட்டும் அடிச்சிட்டு மேல 'முன்னாள்'னு எய்தி வுட்டாங்க. அப்பால அதையேதான் அச்சுக்குக் குடுத்துகினு கீறாங்க."

ஆக, முப்பது வருஷமாக அந்தக் கல்லூரி தன் பழைய மாணவர்களை விருந்துக்கு அழைக்கவில்லை, மறுபடியும் சேர்த்துக்கொள்ளலாமா என்று பரிசீலித்துக்கொண்டிருந்தது.

படிவத்தைச் சுருக்க ஒரு குழு அமைத்தார்கள். தலைவர் கணிதத் துறையின் தோத்தாத்ரி. கேள்விகளைக் குறைப்பதுதான் குழுவின் ஒரே வேலை. உடற்கல்வி இயக்குநர் டேனியல் முதல் கூட்டத்திலேயே ரத்த வகையைச் சேர்க்க வேண்டும் என்றார்.

"எதுக்கு சார்?" என்றார் ஜஹீரா.

"யாராவது மயங்கி விழுந்தா?"

"மயங்கி விழுந்தா தண்ணி தெளிப்போம். ரத்தம் எதுக்கு?"

"மேடம், எல்லாரும் ஐம்பது அறுபது வயசுக்காரங்க. பழைய ஞாபகத்துல கபடி ஆடுவாங்க. போன வருஷமே ஒருத்தர் ஹை ஜம்ப் பண்ணப் போறேன்னு வேட்டியை மடிச்சுக் கட்டினாரு."

தோத்தாத்ரி எதையும் நீக்கவிடாத நியாயஸ்தர். "தந்தை தொழிலை எடுத்துட்டா, பழைய டேட்டாவோட கம்பேர் பண்ண முடியாதும்மா" என்பார். இதுவரை எப்போதாவது கம்பேர் செய்திருக்கிறார்களா என்று கேட்டால், "பண்ணணும்னு தோணிச்சுன்னா?" என்பார். நான்கு கூட்டங்கள் நடந்தன, நாலிலும் போண்டா நன்றாக இருந்தது. குழு கலைந்தபோது கேள்விகள் நாற்பத்தொன்றாகியிருந்தன.

ஜஹீரா குழுவுக்கு நன்றிக் கடிதம் எழுதிவிட்டு, கணினித் துறையின் விரிவுரையாளர் ஜீவிதாவைப் பிடித்தார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாத பெண், ஆதலால் முடியாது என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து கல்லூரி இணையதளத்தில் ஒரு பக்கம் போட்டார்கள். பெயர், படித்த வருஷம், வருகிறீர்களா. அவ்வளவுதான். கடைசிக் கேள்விக்கு இரண்டு பொத்தான்: ஆம், இல்லை.

"மேடம், இருபது செகண்ட்ல முடிஞ்சுடும்" என்றாள் ஜீவிதா.

முடிந்தது. ஒரே மாதத்தில் ஐந்நூற்று எண்பத்தெட்டு பேர் 'ஆம்' அழுத்தினார்கள். 'இல்லை' அழுத்தியவர் ஒரே ஒருவர், சேலத்துப் பல் மருத்துவர். அவரும் அன்று மத்தியானமே போன் செய்துவிட்டார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. கை பட்டுடுச்சு. அன்னிக்கு மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசம், வர முடியாதுதான். அதுக்காகக் கூப்பிட்டவங்க மூஞ்சில அடிச்ச மாதிரி இல்லைனு போடறதா? நல்லாவா இருக்கு? அதை ஆம்னு மாத்திடுங்க."

மாற்றினார்கள். ஐந்நூற்று எண்பத்தொன்பது. ஆம் என்றால் வரமாட்டேன், இல்லை என்றால் மன்னியுங்கள். இந்த ஊரில் வருகிறீர்களா என்ற கேள்விக்கு விடையே கிடையாது என்பது ஜஹீராவுக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்பத்தொரு கேள்வி கேட்டாலும் மூன்று கேள்வி கேட்டாலும் வரப்போவது அதே நூற்று நாற்பது பேர். வித்தியாசம், இப்போது இருபது நொடியில் பொய் சொல்லிவிடலாம்.

'முயற்சி செய்கிறேன்' என்று மூன்றாவது பொத்தான் ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். புதிதாக வந்தவர்கள் அத்தனை பேரும் அதையே அழுத்தினார்கள். பழையவர்கள் போன் செய்து, இப்படி ஒன்று வரும் என்று முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபித்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் பொத்தானை எடுத்துவிட்டார்கள்.

விடை அஸ்தினாபுரத்தில் கிடைத்தது. நவம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, கணவர் உமரின் சித்தப்பா பேத்தி ஆஃபியாவின் கல்யாணத்துக்குப் பல்லாவரத்திலிருந்து போனில் அழைத்தார்கள். "கண்டிப்பா வந்துடுறோம், வராம இருப்போமா?" என்று ஜஹீரா உருகிவிட்டு போனை வைத்தார்.

குழாய்க் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த உமர், "அப்ப போகலை" என்றார்.

"அது எப்படிச் சொல்றீங்க?"

"போற கல்யாணம்னா நீ வேற மாதிரி பேசுவ. 'சோயா அக்கா வர்றாங்களா, அவங்களை எந்தப் பந்தியில உக்கார வைக்கறீங்க, என்னைப் பக்கத்துல போட்டுடாதீங்க'னு முதல்ல அதைத்தான் கேப்ப. பதினெட்டு வருஷமா பாக்கறேன். சோயா அக்கா பேர் வந்தா நீ புடவை எடுத்து வெச்சுட்டனு அர்த்தம்."

சோயா உமரின் மூத்த அக்கா. ஜஹீராவின் பிரியாணியை ஒருமுறை 'பரவாயில்லை' என்று சொல்லியிருந்தார்.

ஜஹீராவுக்குக் கோபம் வந்தது. ஆனால் ரயிலில் இரண்டு ஸ்டேஷன் போவதற்குள் அது போய்விட்டது. தாம்பரத்தில் இறங்கியவர் நேராகக் கணினித் துறைக்குப் போனார்.

"நாலாவதா ஒரு கேள்வி போடும்மா. 'யாருக்குப் பக்கத்தில் உங்களை உட்கார வைக்க வேண்டாம்?'"

ஜீவிதா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "மேடம், பிரின்சிபால் என்னையும் சேத்து மதுராந்தகம் அனுப்பிடுவாரு."

"வராதவனுக்கு யார் பக்கத்துல உக்காந்தா என்னம்மா? வர்றவனுக்குத்தான் அந்தக் கவலை. கீழே 'விடை ரகசியமாக வைக்கப்படும்'னு போடு. ஏற்கனவே ஆம்னு போட்டவங்களுக்கும் மெயில் அனுப்பு."

பத்து நாள். அறுநூற்றுச் சொச்சம் பேருக்கு மெயில் போனது. இருநூற்று மூன்று பேர் அந்தக் கட்டத்தை நிரப்பினார்கள். பாதிப் பேர் கட்டத்துக்குள் அடங்காமல் அதற்கு வெளியே காரணத்தையும் தனி மெயிலாக எழுதினார்கள். சமையல்காரரிடம் ஜஹீரா இருநூற்றுப் பத்து பேருக்குச் சொன்னார். தகவல் தெரிந்து முதல்வர் அசரியா பதறினார்.

"மேடம், அறுநூறு பேர் வர்றேன்னு சொல்லியிருக்காங்க!"

"ஆமாம் சார். அதனாலதான் வரமாட்டாங்க."

"நானூறு பேர் சாப்பாடு இல்லாம நின்னா?"

"நின்னா மதுராந்தகம் போறேன் சார்."

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. எழுபத்து நாலாம் வருஷத்திலிருந்து இருபத்தாறு பேர் எழுதியிருந்தார்கள். ஸ்ரீரங்கன் கேட்ட பேட்ச். ஜஹீராவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கும்வரை. இருபத்தாறில் பத்தொன்பது பேர் எழுதியிருந்த பெயர் ஸ்ரீரங்கன். நாகர்கோவிலிலிருந்து எலியேசர் என்பவர் மட்டும் விளக்கமாக எழுதியிருந்தார்: 'ஸ்ரீரங்கன். பூசணிக்காய் விஷயம். அவனுக்குத் தெரியும்.'

ஜஹீரா எலியேசருக்கு போன் செய்தார்.

"சார், பூசணிக்காய்னு எழுதியிருக்கீங்க..."

"ஆமாம்மா. எழுபத்து மூணு. ஜூலையிலேருந்து நவம்பர் வரைக்கும். அவன் ஹாஸ்டல் மெஸ் செக்ரட்டரி. எங்கேயோ லாரியோட பூசணிக்கா சல்லிசா கெடைச்சுதாம். சாம்பார்ல பூசணி, கூட்டுல பூசணி, பொரியல்ல பூசணி. ஒரு நாள் பாயசம்னு போர்டுல எழுதிப் போட்டான். ஓடிப் போய்ப் பாக்கறோம், அதுலயும்... நான் மூணு நாள் உண்ணாவிரதம் இருந்தேம்மா. மிச்சம் பிடிச்சதுல அவன் டேபிள் டென்னிஸ் மேஜை வாங்கினான். ஹாஸ்டல்ல அது ஆடத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான்."

"அப்ப நீங்க வரலையா சார்?"

"வராம? டிக்கெட் எடுத்தாச்சும்மா."

ஸ்ரீரங்கனும் பதிவு செய்திருந்தார். நாலாவது கட்டத்தில் எழுதியிருந்தார்: 'எலியேசர். உண்ணாவிரதம் இருந்து என் பெயரைக் கெடுத்தவன். வருகிறானா என்று உடனே தெரிவிக்கவும்.'

2007 ஜனவரி மூன்றாம் ஞாயிறு. முந்தின நாள் சாயங்காலமே ஜஹீராவும் குப்புராஜும் கூடத்தில் நாற்காலிகளைப் போட்டு, முதுகில் பெயர்ச் சீட்டு ஒட்டினார்கள். ஸ்ரீரங்கனை முன்வரிசையில், அவருக்கு ஒரு பக்கம் அசரியா, இன்னொரு பக்கம் யாரையும் தெரியாத தோத்தாத்ரி. பத்தொன்பது பேரைப் பின்பக்கம் சிதறவிட்டார்கள். எலியேசருக்குக் கடைசி வரிசை, ஜன்னலோரம்.

"இந்தாளு பக்கத்துல பேய்கூட குந்தாது போல கீதே மேடம்" என்றார் குப்புராஜ். "நாளைக்கு பேஜாராப் போவுது."

காலை பத்து மணிக்குள் இருநூற்று ஏழு பேர் வந்துவிட்டார்கள். பதிவு மேசையில் பெயர், வருஷம், சட்டையில் குத்த ஓர் அட்டை, வரிசையே சேரவில்லை. காலி நாற்காலிகள் இல்லை. போன வருஷம் வராத எழுபத்து நாலு பேட்ச் இருபத்தாறு பேரும் ஆஜர். வாசலில் நின்ற ஜஹீரா முதன்முறையாக மூச்சு விட்டார். ஒரு முறைதான் விட்டார்.

அசரியாவின் வரவேற்புரை 'கல்வியின் நோக்கம்' என்ற இடத்துக்கு வந்தபோது, பின்னாலிருந்து சிமென்ட் தரையில் இரும்பு தேயும் சத்தம் கேட்டது. எலியேசர் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு நடுவழியே முன்னால் வந்துகொண்டிருந்தார். தூக்கி வந்திருக்கலாம். இழுத்துத்தான் வந்தார். தோத்தாத்ரியை மரியாதையாக எழுப்பி நாற்காலியோடு ஜன்னலோரம் அனுப்பிவிட்டு, ஸ்ரீரங்கனுக்குப் பக்கத்தில் தன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னடா மெஸ்ஸு, சௌக்கியமா?"

"எவன்டா அது... எலியா? நீ இன்னும் சாகலையா?"

"மூணு நாள் பட்டினி கெடந்தே சாகலை, இப்பவா சாகப்போறேன்?"

அவ்வளவுதான். மற்ற பதினெட்டு நாற்காலிகளும் கிளம்பின. பிற வருஷத்துக்காரர்கள் அதைப் பார்த்ததும் தங்கள் தங்கள் ஆட்களைத் தேடிப் போனார்கள். ஜஹீரா பிரித்துப் பிரித்து உட்கார வைத்திருந்த அத்தனை பேரும் ஐந்து நிமிஷத்தில் யாருக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று எழுதினார்களோ அவர்களுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். மேடையில் அசரியா கல்வியின் நோக்கத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். அவர் பார்வை கூட்டத்தைத் தாண்டி வாசலில் ஜஹீராவிடம் வந்து நின்றது. ஜஹீராவுக்கு மதுராந்தகம் ஏரி கண்முன் வந்தது. அதில் தண்ணீர் நிறையவே இருந்தது.

"பூசணிக்கா உடம்புக்கு நல்லதுடா!" ஸ்ரீரங்கன் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"அஞ்சு மாசமா?"

"அப்ப எல்லாரும் எப்படி சிக்குனு இருந்தீங்க! இப்ப உன் தொப்பையைப் பாரு!"

"பாயசத்துல ஏன்டா போட்ட? அதை மட்டும் சொல்லு. முப்பத்து மூணு வருஷமா தூக்கம் வரலை."

ஸ்ரீரங்கன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு விடுவிடுவென்று மேடை ஏறினார். அசரியா ஒதுங்கி மைக்கைக் கொடுத்தார். போகிறேன் என்று சொல்லத்தான் ஏறுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள், ஜஹீராவும்.

"போன வருஷம் இங்க முக்கால் மணி நேரம் பேசினேன்" என்றார் ஸ்ரீரங்கன். "ஒருத்தன்கூட என்னைத் திட்டலை. வீட்டுக்குப் போனப்புறம் ரெண்டு நாள் சாப்பாடு இறங்கலை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லேப் கட்டறதா சொல்லியிருந்தேன். கட்டலை. மெஸ் கட்டறேன். ஹாஸ்டலுக்குப் பெரிசா ஒரு சாப்பாட்டுக் கூடம்."

அசரியா அருகில் போய், "சார், ஃபிசிக்ஸ் லேப்தான் அவசரம்..." என்று முணுமுணுத்தது மைக்கில் நன்றாகக் கேட்டது.

"லேப்புக்காக நாகர்கோவில்லேருந்து எவன் சார் ரயிலேறி வருவான்?" என்றார் ஸ்ரீரங்கன்.

சாப்பாடு இருநூற்று ஏழு பேருக்கும் சரியாக இருந்தது. மிச்சம் விழுந்த மூன்று இலையில் ஜஹீரா, ஜீவிதா, குப்புராஜ் சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை, பதினோரு வருஷத்தில் முதல்முறையாக, முதல்வர் அசரியா மாடிப்படிக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தார். முதலாண்டு செய்முறை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கர்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, குப்புராஜை டீ வாங்க அனுப்பிவிட்டு உட்கார்ந்தார்.

"நல்லா பண்ணீங்க மேடம். மதுராந்தகத்துக்கு வேற ஆள் பாத்துட்டோம். நீங்க இங்கேயே இருங்க." சற்று நேரம் மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டினார். "அந்த நாலாவது கேள்வி. அந்த லிஸ்ட் உங்ககிட்டதானே இருக்கு?"

"ஆமாம் சார்."

"நானும் இங்க படிச்சவன்தான். செவன்டி நைன் கெமிஸ்ட்ரி. என் பேரை... யாராவது?"

"அது ரகசியம் சார். ஃபார்ம்லயே போட்டிருக்கோம்."

"பேர் வேண்டாம். எத்தனை பேர்னு மட்டும். அஞ்சா, பத்தா?"

"நம்பரும் சொல்லக் கூடாது சார்."

அசரியா தலையாட்டிக்கொண்டே எழுந்தார். வாசலில் திரும்பி, "பத்துக்கு மேல இருக்கும், இல்லே?" என்றார். குரலில் ஓர் ஆவல் இருந்தது. ஜஹீரா சிரித்தார். முதல்வர் நிமிர்ந்த நடையாகப் படியேறிப் போனார்.

அவர் போன பிறகு ஜஹீரா சந்தேகத்துக்கு இன்னொரு முறை, அச்செடுத்து வைத்திருந்த இருநூற்று மூன்று தாள்களையும் புரட்டிப் பார்த்தார். அசரியா என்று ஒருவர்கூட எழுதியிருக்கவில்லை. அந்த மனுஷருக்கு இது தெரியவே கூடாது என்று, தாள்கள் அத்தனையையும் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.